கொடைக்கானல் மேல்மலைக்குச் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் ஏரியில் இருந்து மேற்கே ஏறி, அப்சர்வேட்டரி என்கிற சூரிய ஆய்வுக்கூடத்தைத் தாண்டியதும் சுற்றுலாக் கூட்டம் குறைந்துவிடும். அதற்கப்பால் பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று காட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே ஊர்கள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் இவற்றை மேல்மலை என்பார்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் கீழ்மலை. திண்டுக்கல்லில் இருந்து பன்னிரண்டு வருடமாக இரண்டு மலைக்கும் சைக்கிளில் போய்வருகிறேன். போய்வந்ததைச் சொன்னதும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அது சரணாலயம் ஆயிற்றே, சைக்கிளில் போக அனுமதி வாங்க வேண்டுமா?

பொதுச் சாலையில் போவதற்கு அனுமதி தேவையில்லை. பழனி மலையின் காடுகளில் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, திண்டுக்கல், தேனி என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. 1972-ம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் அனுமதியின்றி நுழையலாம் என்று வரையறுக்கிறது. பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவர் அதில் ஒருவர். நாம் அந்த வகை. நமக்குள்ள உரிமை தார்ச்சாலையின் அகலம் மட்டும்தான். ஓரத்தில் அழகான ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்று சைக்கிளை உள்ளே திருப்பினால், அந்த நிமிடமே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். ‘பத்தடிதானே சார்’ என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வனக்காவலர் அபராதம் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

பேரிஜம் ஏரிப் பாதை வேறு. அதற்கு வனத்துறை அனுமதி கட்டாயம். நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, யானை நடமாட்டம் தெரிந்தால் அந்த அனுமதியையும் நிறுத்திவிடுவார்கள். சைக்கிள் பயணத் திட்டத்தில் பேரிஜத்தைச் சேர்க்காதீர்கள்.

இ-பாஸ் எடுக்கணுமா?

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் மோட்டார் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். வண்டியின் பதிவு எண்ணை வைத்துத் தருவது அது. சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது. ஆனால் சைக்கிளைக் காரில் கட்டி மேலே கொண்டுவருகிறீர்கள் என்றால் அந்தக் காருக்கு இ-பாஸ் எடுத்தாக வேண்டும்.

மலை ஏற எந்த வழி நல்லது?

எல்லாரும் வருவது வத்தலக்குண்டு வழி. காட்ரோடு என்கிற இடத்தில் இருந்து ஏற்றம் தொடங்கும். வத்தலக்குண்டு கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 300 மீட்டர், கொடைக்கானல் 2,100. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் 1,800 மீட்டர் ஏறுகிறோம். சாய்வு எங்கும் கொடூரமாக இருக்காது. ஒரே சீராக, விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். டம்டம் பாறையில் நின்றால் எதிரே எலிவால் அருவி தெரியும். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்தில் இருந்து வெள்ளை நூல் மாதிரி விழுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாழைப்பழம் சாப்பிடலாம். இந்த வழியில் சிக்கல் வண்டிகள்தான். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை நாட்களில் இங்கே சைக்கிள் மிதிக்காதீர்கள். வளைவில் பேருந்து திரும்பும்போது உங்களுக்கு இடம் இருக்காது.

பழனி வழி அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டி குறைவு, நிழல் அதிகம், பெருமாள்மலையில் வந்து சேரும். அடிவாரத்தில் வரதமாநதி அணைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்பதால் நன்றாக விடிந்த பிறகே ஏறத் தொடங்குவேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அய்யம்பாளையத்தில் இருந்து மருதாநதி அணையைத் தாண்டி, பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்மலை ஊர்களுக்குள் புகுந்து பெருமாள்மலைக்குப் போவது. காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி வாழை இந்தக் கீழ்மலையில் விளைவதுதான். முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழை ஒரு காலத்தில் அழிகிற நிலைக்கே போய்விட்டது, இப்போது மறுபடி கண்ணில் படுகிறது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குதி, அதுவே தாண்டிக்குடி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். ஒரு நாளில் முடிக்க முயலாதீர்கள். தாண்டிக்குடியில் இராத் தங்கினால் மறுநாள் ஏற்றம் பாதியாகத் தெரியும்.

பெரியகுளத்தில் இருந்து அடுக்கம் வழியாக வரும் சாலை குறுகலானது, செங்குத்தானது, மழைக்கு அடிக்கடி சரிகிறது. மழைக்காலத்தில் அதை மறந்துவிடுங்கள்.

அவ்வளவு ஏற என்னால் முடியுமா தெரியவில்லை. மேலே போய் ஓட்டினால் போதுமா?

தாராளமாக. கொடைக்கானல் வரை பேருந்தில் சைக்கிளோடு வந்து, அங்கிருந்து மேல்மலைக்கு மிதிப்பவர்கள் நிறையப் பேர். ரயிலில் வந்தால் கொடை ரோடு அல்லது பழனி நிலையம். முன்சக்கரத்தைக் கழற்றிப் பையில் கட்டி, நடத்துநரிடம் முதலிலேயே தன்மையாகக் கேளுங்கள். கூட்டம் இல்லாத முதல் பேருந்தில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பேருந்தில் ஏறிவந்த அன்றே ஓட்ட வேண்டாம். அடிவாரத்து வெயிலில் இருந்து மூன்று மணி நேரத்தில் 2,000 மீட்டருக்கு வந்த உடம்பு மேலே மூச்சு வாங்கும். ஒரு இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

என்ன சைக்கிள் வேண்டும்?

விலை உயர்ந்தது வேண்டாம், கியர் வேண்டும். முன்னாலுள்ள சின்னப் பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பின்னால் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் மேல்மலைக்குப் போதும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் பை இல்லாமல் ஏறலாம். துணிமணி, கூடாரப்பை என்று பத்துக் கிலோ கட்டினால் முன்னால் 30-க்குக் கீழே இருப்பது முழங்காலுக்கு நல்லது. டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பூம்பாறைக்கு அப்பால் தார் பெயர்ந்த இடங்கள் வரும், மழைக்குப் பின் சல்லி சாலை முழுக்கக் கிடக்கும்.

முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். மேல்மலைக்காரர்கள் அறுபது கிலோ மூட்டையை முதுகில் வைத்து அதே ஏற்றத்தை நடந்து ஏறுகிறார்கள். தள்ளிக்கொண்டு போகிறவரை அவர்கள் யாரும் குறைவாகப் பார்த்ததில்லை.

இறக்கம் பயமாக இருக்கிறது. பிரேக்கை எப்படிப் பிடிப்பது?

பயம் நல்லது. ஏற்றத்தில் விழுந்தவரை நான் பார்த்ததில்லை, அடிபட்டவர்கள் எல்லாம் இறக்கத்தில்தான்.

பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சூடு ஏறிக்கொண்டே போகும். ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் அதைக் கவ்விப் பிடிக்கும் பேட் பிடிமானத்தை இழக்கும். நேரான சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு அழுத்தினால் சக்கரம் வழுக்கும். மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். அந்த இரண்டு சுற்றுக்கு இடம் விட்டு ஓட்டுங்கள்.

முன்பு ஒருமுறை பழனி இறக்கத்தில் பாதி வழியில் பின் பிரேக்கில் இருந்து கரகரவென்று சத்தம். மழைமண் ஒட்டியிருக்கும் என்று நினைத்து இறங்கிக்கொண்டே இருந்தேன். அடுத்த வளைவில் பிடி கைப்பிடியைத் தொட்டுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. முன்பிரேக்கை மட்டும் வைத்து, வலது காலைத் தரையில் தேய்த்து, மேட்டுப்பக்கத்து மண்கரையில் சாய்ந்துதான் நின்றேன். கழற்றிப் பார்த்தால் பேட்டில் உராயும் பொருள் துளியும் இல்லை, தகடு டிஸ்க்கை அறுத்திருந்தது. கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து கொடைக்கானலில் இறக்கத்துக்கு முந்தைய இரவு பேட்டைக் கழற்றிப் பார்க்காமல் தூங்குவதில்லை. பையில் ஒரு ஜோடி புதுசும் இருக்கும்.

காய்கறி லாரிகளையும் கணக்கில் வையுங்கள். மேல்மலைக் கேரட், உருளை, பீன்ஸ், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்குப் போகிற வண்டிகள் அவை. அவர்களுக்கு நேரம்தான் காசு. பின்னால் ஹாரன் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்று விடுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எப்படிப் பிரிப்பது?

கொடைக்கானலில் இருந்து கணக்கிட்டால் மூன்று நாள்.

முதல் நாள் காலை ஏரியை விட்டதுமே அப்சர்வேட்டரி ஏற்றம். காலைக் குளிரில் உடம்பு சூடாவதற்குள் 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். மேலே சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். அதன்பின் இறக்கமும் ஏற்றமுமாகப் பைன், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே சாலை போகும். இருபது கிலோமீட்டருக்குள் ஒரு வளைவில் திடீரென்று மரங்கள் விலகி, கீழே பள்ளத்தாக்கில் பூம்பாறை முழுசாகத் தெரியும். படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்கள், நடுவே ஓட்டுக்கூரையும் தகரக்கூரையுமாக நெருக்கியடித்த வீடுகள். எல்லாரும் அங்கே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்குங்கள். குழந்தை வேலப்பர் கோயிலில் இருக்கும் முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. கோயில் வாசலில் சைக்கிளைச் சாய்த்தால் ஐந்து நிமிடத்தில் நாலு பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துப் பார்க்க வந்துவிடுவார்கள். அங்கிருந்து மன்னவனூர் இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். அன்று இரவு அங்கே.

இரண்டாம் நாள் பையை மன்னவனூரிலேயே வைத்துவிட்டு, கவுஞ்சி, பூண்டி வழியாகக் கிளாவரை போய்த் திரும்பலாம். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் கூக்காலுக்குப் பிரிந்து ஏரியைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானல்.

இதையே ஒரே நாளில் ‘அடித்துவிடும்’ ஆட்கள் இருக்கிறார்கள், முடியும். ஆனால் பூம்பாறையில் காப்பி குடிக்க நேரம் இருக்காது என்றால் இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

கிளாவரையில் இருந்து அப்படியே மூணாறுக்குப் போய்விடலாமாமே?

முடியாது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். இந்தக் கேள்விக்குப் பழைய வரைபடம்தான் காரணம். கொடைக்கானலில் இருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ஒரு சாலை முன்பு இருந்தது. பல வருடங்களாக அது மூடிக் கிடக்கிறது. காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. கிளாவரையில் இருந்து போகும் நடைபாதையும் காட்டுக்குள் போவதுதான், அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதே மலைத்தொடர்ச்சிதான். அதற்குப் பின் கெடுபிடி கூடியது, கூடியது சரிதான். வந்த வழியே திரும்புங்கள். போகும்போது பார்க்காத பக்கம் திரும்பும்போது தெரியும்.

காட்டுமாடு குறுக்கே வந்தால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது.

மேல்மலையில் உங்களுக்கு எதிரே வர அதிக வாய்ப்புள்ள பெரிய விலங்கு காட்டுமாடு. முழுசாக வளர்ந்த காளை ஒரு டன் எடையை நெருங்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டாற்போல இருக்கும். கொடைக்கானல் தெருக்களிலேயே அது மேய்வதைப் பார்த்துப் பார்த்து, பசுமாடு மாதிரிதான் என்று ஒரு அசட்டைத் துணிச்சல் பலருக்கு வந்துவிட்டது. கிட்டே போய்ப் படம் எடுத்துக் குத்துப்பட்டவர்கள் உண்டு.

சைக்கிளில் இருக்கிற தனிச் சிக்கல், அதற்குச் சத்தம் கிடையாது. கார் வருவது விலங்குக்கு வெகுதூரத்திலேயே தெரியும். நாம் வளைவில் திரும்பி அதன் மூக்குக்கு நேரே போய் நிற்கும்வரை அதற்குத் தெரியாது. எந்தச் சத்தமின்மைக்காகச் சைக்கிளில் காட்டுக்கு வருகிறோமோ, அதுவேதான் ஆபத்தும்.

ஒரு ஆகஸ்டு மாதக் காலை, மன்னவனூருக்குக் கொஞ்சம் முன்னால். மஞ்சு இறங்கி இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இறக்கத்தில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். முதலில் வாடை வந்தது. மாட்டுத்தொழுவ வாடையும் ஈரப்புல் வாடையும் கலந்தது. அதற்குப் பின்தான் சாலை ஓரத்தில் ஒரு கரிய மேடு அசைந்தது. நான் பிரேக்கைப் பிடித்த கிறீச்சைக் கேட்டு அது தலையைத் தூக்கியது. மூக்கில் இருந்து ஆவி இரண்டு கோடாக வந்தது. ‘புஸ்’ என்று ஒரு மூச்சு, என் நெஞ்சில் இடித்தது போல் இருந்தது. அதன் பின்னால் ஒரு கன்று. நான் சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவே வைத்தபடி, முதுகைக் காட்டாமல், ஓர் அடி, இன்னொரு அடி என்று பின்னால் நகர்ந்தேன். அது பார்த்துக்கொண்டே இருந்தது. கன்று சாலையைத் தாண்டியதும் தாயும் தாண்டியது. வாட்டில் மரங்களுக்குள் கிளை முறியும் சத்தம் தேய்ந்துபோகிற வரை நான் அசையவில்லை. கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

அதனால் சொல்கிறேன். கண் எட்டாத வளைவுக்கு முன்னால் மணியை இரண்டு தடவை அடியுங்கள், அல்லது இயல்பாகப் பேசிக்கொண்டே போங்கள். காட்டுக்குள் பாட்டுப் போடும் ஸ்பீக்கர் வேண்டாம், மணிச் சத்தம் போதும். காதில் இயர்போன் கூடவே கூடாது. விலங்கைக் கண்டால் ஐம்பது மீட்டராவது விட்டு நில்லுங்கள், அது போகட்டும். அரைமணி ஆனாலும் ஆகட்டும். பின்னால் கார், பேருந்து வந்தால் அதன் மறைவில் கடக்கலாம், ஓட்டுநர்கள் தாங்களே மெதுவாக்கி உதவுவார்கள். காலை ஏழுக்கு முன்னாலும் மாலை ஐந்துக்குப் பின்னாலும் சாலையில் இருக்காதீர்கள்.

புலி, சிறுத்தை?

இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது அபூர்வம். சாலையில் தெரிவது பெரும்பாலும் கேளையாடு, கடமான், கருமந்தி, மலை அணில்தான். செந்நாய்க் கூட்டம் ஒருமுறை பார்த்தேன், நின்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் வானம் துலக்கமாக இருக்கும், ஆனால் விடிகாலையில் புல்மேல் உறைபனி பிடிக்கும் குளிர். கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க விரல் மடங்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மஞ்சும் காற்றும் தூறலும், மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். எனக்குப் பிடித்த காலம் இது. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் சாய்த்துப்போட்ட மரங்களைப் பார்த்தவர்கள் அந்த மாதங்களில் சைக்கிளோடு வர மாட்டார்கள். மார்ச், ஏப்ரல் தீக்காலம். மே மாதம் கூட்டம்.

மழை வந்தால் தோட்டத்தில், காட்டோரத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா? குளிர்காய நெருப்பு?

காட்டில் கூடாது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி அதற்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ம் பிரிவு சொல்கிறது. குரங்கணியை மேலே சொன்னேன், அதற்கு மேல் காரணம் வேண்டாம். பூம்பாறை, மன்னவனூர், பூண்டியில் வீடுகளில் அறை தருகிறார்கள். தொலைபேசியில் முதலிலேயே பேசிவிட்டு, வெந்நீர் உண்டா, சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களோடு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். மேல்மலை வீடுகளில் வெதுவெதுப்பான ஒரே இடம் அதுதான்.

சாப்பாடு, தண்ணீர்?

ஊருக்கு ஊர் டீக்கடை உண்டு, இரண்டு ஊருக்கு நடுவே எதுவும் கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீரைச் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது, கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. சைக்கிள்காரர்களுக்கு இது இடைஞ்சலே இல்லை, நம்மிடம் எப்படியும் சொந்தப் பாட்டில்தான். கடலைமிட்டாய்க் காகிதம்கூட உங்கள் பாக்கெட்டிலேயே கீழே வரட்டும். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் மேலே தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள், குடிக்காதீர்கள்.

வழியெல்லாம் அழகான காடு என்கிறீர்கள். சிலர் அது காடே இல்லை என்கிறார்களே?

இரண்டும் உண்மை. சாலை ஓரத்தில் நீங்கள் பார்க்கும் மரங்களில் பெரும்பகுதி வந்தேறி: தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட வாட்டில், விறகுக்கும் கூழுக்கும் நட்ட யூக்கலிப்டஸ், பைன். இந்த மலையின் சொந்த உருவம் வேறு. மேடெல்லாம் புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் சோலை என்கிற அடர்ந்த காடு. புல்வெளி மழையை வாங்கிப் பஞ்சுபோல வைத்துக்கொள்ளும், சோலை அதைச் சொட்டுச் சொட்டாக ஓடையில் விடும். கோடையிலும் கீழே வாய்க்கால் ஓடியது அதனால்தான். பேரிஜத்துத் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. புல்வெளியை ‘வெறும் தரிசு’ என்று கருதி மரம் நட்ட காலம் ஒன்று இருந்தது. வாட்டில் பரவிய இடத்தில் இப்போது புல் இல்லை.

மன்னவனூரில் மிச்சமிருக்கிற புல்மேட்டை உச்சியில் நின்று பாருங்கள். அங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அந்தப் புல்லை நம்பித்தான். அப்புறம் கூக்கால் பக்கம் சாலை ஓரத்துச் சோலையருகே சைக்கிளை நிறுத்தி, உள்ளே போகாமல், தாரில் நின்றபடியே கவனியுங்கள். பைன் தோப்பில் தரையெல்லாம் ஊசிச்சருகு, வேறு செடி இல்லை, பறவை இல்லை. சோலையில் ஒரே மரத்தில் பாசி, அதன்மேல் பெரணி, அதன்மேல் ஆர்க்கிட். வெப்பம் நாலைந்து பாகை குறைந்த மாதிரி கன்னத்தில் தெரியும். காரில் போகிறவருக்கு இரண்டும் பச்சைதான். சைக்கிளில் வருகிறவர் வித்தியாசத்தைத் தோலிலேயே உணரலாம் என்பதால்தான் இந்த மலையைச் சைக்கிளில் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

என்னோடு வந்த இரண்டு தோழிகள் அதன்பின் தனித்தனியாகவே போய்வந்தார்கள். அவர்கள் சொன்னது இது. ஊருக்குள் பயமில்லை, ‘என்னம்மா, தனியாவா வந்த?’ என்று கேட்டு ஆளாளுக்குக் காப்பி தருகிறார்கள். தொந்தரவு என்றால் வார இறுதியில் குடித்துவிட்டுக் காரில் வரும் கூட்டத்தால்தான். வாரநாளில் போவதும், குடும்பம் வாழும் வீட்டில் தங்குவதும், அடுத்த ஊரில் யாரிடம் போகிறோம் என்று இந்த ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்புவதும் அவர்கள் கடைப்பிடித்த வழி. ஆண்களுக்கும் அதுவே நல்லது.

அங்கே ‘காளான்’ கிடைக்குமாமே?

போதைக் காளானைக் கேட்டுப் பூண்டி, மன்னவனூர்ப் பக்கம் சுற்றும் இளைஞர்களால் அந்த ஊர்கள் பட்டிருக்கும் அவமானம் கொஞ்சமில்லை. சட்டப்படி அது போதைப்பொருள் குற்றம், போலீஸ் சோதனை உண்டு. பையோடு வருகிற எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்கும் நிலை அதனால் வந்தது. அதற்காகத்தான் வருகிறீர்கள் என்றால் வராதீர்கள்.

சைக்கிள் பழுதானால்? சிக்னல் கிடைக்குமா?

கியர் சைக்கிள் பழுது பார்க்கும் கடை மேல்மலையில் இல்லை. இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள், பம்பு, செயின் இணைப்பு, ஒரு கியர் கம்பி, பிரேக் பேட், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் கியர் ஹேங்கர் (பின் கியரைச் சைக்கிள் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) எல்லாம் பையில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் எடுத்துவருவதில்லை. கல்லில் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். சிக்னல் ஊருக்குள் இருக்கும், காட்டில் விட்டுவிட்டு வரும். பெரிய அடி என்றால் 108, கொடைக்கானல் அரசு மருத்துவமனை. மன்னவனூரில் இருந்து வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை ஒவ்வொரு இறக்கத்திலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சி பூக்கும்போது வரலாம் என்று இருக்கிறேன். எப்போது?

12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018, இனி 2030. அந்த வருடம் கூட்டத்தில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. அதற்காகக் காத்திருக்காமல் இந்த வருடமே வாருங்கள், செடி எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பும்போது என்ன வாங்கிவரலாம்?

பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடத்துக்கு இரண்டு போகம். அறுவடையில் பெரும்பகுதி பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிடும். பூம்பாறையில் வீட்டில் கேட்டால் நேரடியாகத் தருவார்கள்.

ஒரு வீட்டில் ஆத்தா ஒருவர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். தாளோடு இருபது முப்பது பூண்டைச் சேர்த்து, தாளையே பின்னி ஒரு கொத்து. விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து மண் ஏறியிருந்தது. உள்ளே அழைத்துப்போய் உத்தரத்தைக் காட்டினார். அடுப்புக்கு மேலே வரிசையாகக் கொத்துகள், புகை பட்டுப் பழுப்பேறி. “இது விதைக்கு, இதக் குடுக்க மாட்டேன்யா. புகை போடலன்னா பூச்சி விழுந்துரும்” என்றார். எனக்குத் திண்ணைக் கொத்தில் ஒன்று தந்தார். விலையைக் குறைத்துக் கேட்கத் தோன்றவில்லை, கேட்கவும் கூடாது.

பல் சின்னதாக, காரம் அதிகமாக இருக்கும், சமவெளிப் பூண்டில் பாதி போட்டால் போதும். சைக்கிள் பையில் அடியில் வைத்து நசுக்காமல் மேலே கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போடாமல், கொத்தைப் பிரிக்காமல், அடுப்படியில் காற்றாடுகிற இடத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். வேண்டும்போது ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ளலாம்.